பூட்ஸ் கழற்றாத விருந்தாளி

1938-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் சென்னையிலிருந்து கிளம்பிய ஒரு கார் திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு வந்து சேர்ந்தது. மாட்டு வண்டிச் சக்கரங்கள் உழுது போட்ட சாலை, வழியெல்லாம் புழுதி. காரில் வந்தவர்களில் ஒருவர் சென்னைக் கலெக்டரின் மனைவி. இன்னொருவர் அறுபத்துநான்கு வயது ஆங்கில எழுத்தாளர். கையில் பழக்கூடை. அந்தக் காலத்தில் பேனாவை மட்டும் நம்பி அவ்வளவு சம்பாதித்தவர்கள் உலகத்திலேயே சிலர்தான். பெயர் வில்லியம் சாமர்செட் மாம்.

(தமிழில் எழுதினால் யாரோ கான்வென்ட் பிள்ளை அம்மாவைக் கூப்பிடுவதுபோல இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்ல வேண்டும். நடுவில் இருக்கும் எழுத்துகளெல்லாம் சும்மா நிற்பவை.)

வந்தவர் ரமணரைப் பார்ப்பதற்கு முன்பே மயங்கி விழுந்துவிட்டார். ஆசிரமத்தில் தங்கியிருந்த மேஜர் சாட்விக் என்ற ஆங்கிலேயரின் அறையில் அவரைப் படுக்க வைத்தார்கள். செய்தி ஹாலுக்குப் போனது. வந்தவரால் எழுந்து வர முடியாது என்று தெரிந்ததும் ரமணரே ஒரு உதவியாளரோடு அந்த அறைக்கு வந்தார். எதிரில் உட்கார்ந்தார். சுமார் அரை மணி நேரம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் மாம்தான் தவித்துப்போய், ஏதாவது பேச வேண்டுமா என்று கேட்டார். தேவையில்லை, மௌனமும் ஒரு பேச்சுதான் என்று பதில் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அங்கே என்னைத் தேடுவார்கள் என்று சொல்லி ரமணர் எழுந்து போய்விட்டார். நடந்தது இவ்வளவுதான். இந்தச் சந்திப்பைப் பற்றி மாம் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார், சாட்விக் ஒரு நினைவுக்குறிப்பு எழுதினார், உலகம் முழுக்க விற்ற ஒரு நாவலும் இதிலிருந்து கிளைத்தது.

எங்கள் பேரணாம்பட்டிலிருந்து வேலூர், கண்ணமங்கலம், போளூர் வழியாகப் போனால் திருவண்ணாமலை. பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. ஆனால் எனக்கு அந்த அறைக்குள் போக வழி காட்டியது பக்தி இல்லை. என் திக்குவாய். சாமர்செட் மாம் வாழ்நாள் முழுக்கத் திக்கிப் பேசியவர். நானும் அப்படித்தான்.

திக்குகிறவர்களுக்குத்தான் தெரியும், ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு முன் மனசு நாலு வார்த்தை தள்ளி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அங்கே ஒரு 'ப' நின்றால் சுற்றுப்பாதை தேடும். "எந்த ஊர் தம்பி?" என்று யாராவது கேட்டால் நான் "ஆம்பூர் பக்கம்" என்பேன். ஊர்ப் பெயரே 'பே' என்று தொடங்கினால் வேறென்ன செய்வது? ஆம்பூர் என்றதும் அவர்களும் பிரியாணிக்குப் போய்விடுவார்கள். இன்ஜினியரிங் முடித்த வருடம் ஒரு கம்பெனியின் நேர்காணலில் என் பெயரைச் சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரத்தில், எதிரே இருந்தவர் என் பயோடேட்டாவைப் பார்த்துத் தானே படித்துக்கொண்டார். மென்பொருள் வேலைக்கு வந்ததில் பாதிக் காரணம், கோடு எழுதும்போது வாய் வேண்டாம் என்பதுதான். தினமும் காலையில் ஸ்டாண்ட்-அப் மீட்டிங் என்று ஒன்று இருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

மாமைப் பற்றி எழுத வந்த ஒருவரிடம் அவரே சொல்லியிருக்கிறார்: என் வாழ்க்கையையும் எழுத்தையும் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் என் திக்குவாயைத் தெரிந்துகொள் என்கிற பொருளில். பல வாழ்க்கை வரலாறுகள் இதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு அவருடைய காதல்களுக்கும் பணத்துக்கும் போய்விடுகின்றன. எனக்கு அந்த ஒரு பத்திதான் முழு வாழ்க்கையும் என்று படுகிறது.

1874 ஜனவரி 25 அன்று பாரிஸில், பிரிட்டிஷ் தூதரகக் கட்டடத்துக்குள்ளேயே பிறந்தார். பிரெஞ்சு மண்ணில் பிறந்த ஆண் பிள்ளைகளைப் பின்னாளில் ராணுவத்துக்கு இழுக்கலாம் என்ற பயத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. அப்பா தூதரகத்தின் சட்ட வேலைகளைப் பார்த்த வக்கீல். பிள்ளை முதலில் பேசிய மொழி பிரெஞ்சு. எட்டு வயதில் அம்மா காசநோயில் போனார். அம்மாவின் புகைப்படம் அவர் சாகும்வரை படுக்கை அருகில் இருந்தது. பத்து வயதில் அப்பாவும் போனார். இங்கிலாந்தில் கென்ட் கடற்கரையில் விட்ஸ்டபிள் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த அப்பாவின் சகோதரரிடம் அனுப்பினார்கள். அரைகுறை ஆங்கிலம், பழக்கமில்லாத வீடு, கண்டிப்பான பாதிரியார். பிறகு கேன்டர்பரியில் கிங்ஸ் ஸ்கூல். அங்கே திக்குவாயைக் கண்டு வகுப்பு சிரித்தது, ஆசிரியரும் சேர்ந்துகொண்டார்.

1915-ல் வெளியான 'ஆஃப் ஹ்யூமன் பாண்டேஜ்' அவருடைய பெரிய நாவல், பெருமளவு சொந்தக் கதை. அதன் நாயகன் பிலிப்புக்குத் திக்குவாய் கிடையாது. பிறவியிலேயே வளைந்த பாதம். நாக்கின் ஊனத்தைக் காலுக்கு மாற்றிவிட்டார். ஏன் என்று யோசித்திருக்கிறேன். திக்குவாயை அச்சில் எழுதினால் சிரிப்பு வந்துவிடும். நம் சினிமாவை எடுத்துக்கொள்ளுங்கள், திக்கிப் பேசுகிறவன் யார்? காமெடியன். நொண்டுகிறவனுக்குக் கிடைக்கும் இரக்கம் திக்குகிறவனுக்குக் கிடைப்பதில்லை. அது மாமுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த நாவலில் எனக்கு மறக்காத இடம் ஒன்று உண்டு. நம்பிக்கை இருந்தால் மலையையே நகர்த்தலாம் என்று சிறுவன் பிலிப் பைபிளில் படிக்கிறான். பள்ளி திறப்பதற்குள் கால் சரியாகிவிட வேண்டும் என்று இரவெல்லாம் குளிரில் முழங்கால் போட்டு ஜெபிக்கிறான். குறித்த நாள் காலையில் பார்த்தால் கால் அப்படியே இருக்கிறது. இது நாக்குக்காக மாம் செய்த ஜெபம். மலையே நகரும் என்று நம்பி ஏமாந்த அந்தப் பிள்ளை, ஐம்பது வருடங்களுக்கு மேல் கழித்து, நகராத ஒரு மலையின் அடிவாரத்துக்கு வந்து மயங்கி விழுந்திருக்கிறார்.

நடுவில் நடந்ததைக் கொஞ்சம் வேகமாகவே சொல்கிறேன். 1892 முதல் ஐந்து வருடம் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் மருத்துவம் படித்தார். லாம்பெத் சேரிகளில் பிரசவம் பார்க்கும் முறை வந்தபோது மூன்று வாரத்தில் 63 பிரசவங்கள். போலீஸ்காரரே போகத் தயங்கும் சந்துகளில் அந்தக் கறுப்புப் பையைப் பார்த்ததும் வழி விட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். அதுதான் 1897-ல் முதல் நாவலானது, 'லைசா ஆஃப் லாம்பெத்'. அந்த மருத்துவமனையிலிருந்து ஆற்றின் அதே கரையில் கொஞ்ச தூரம் நடந்தால் பெர்மாண்ட்ஸி. லண்டனின் தோல் பேட்டை. ஆவாரம்பட்டையில் ஊறிப் பதமான மதராஸ் மாகாணத்துத் தோல்கள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போன காலம் அது. எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்துத் தோலும் அதில் சேர்த்தி. லாம்பெத் சந்துகளைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அந்த ஊர் ஒன்றும் தூரமாகத் தெரியவில்லை. தோல் ஊறும் வாடை எந்த ஊரிலும் ஒன்றுதான்.

டாக்டர் பட்டம் கிடைத்த கையோடு மருத்துவத்தை விட்டார். பத்து வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாடகம். 'லேடி ஃப்ரெடரிக்' என்ற நாடகத்தை ஒவ்வொரு தியேட்டராகத் திருப்பி அனுப்பினார்கள். கதாநாயகி பவுடரும் பொய் முடியும் இல்லாமல், காலை வெளிச்சத்தில் தன் நிஜ வயதை இளம் காதலனுக்குக் காட்ட வேண்டும். எந்த நடிகை சம்மதிப்பார்? 1907-ல் வேறு நாடகம் கைக்குச் சிக்காத ஒரு தியேட்டர், இடைவெளியை நிரப்ப அதைப் போட்டது. நானூறு தடவைக்கு மேல் ஓடியது. அடுத்த வருடம் லண்டனில் அவருடைய நான்கு நாடகங்கள் ஒரே சமயத்தில் ஓடின. ஷேக்ஸ்பியர் போஸ்டர்களைப் பார்த்து நகம் கடிப்பதுபோல 'பஞ்ச்' பத்திரிகையில் கார்ட்டூன் வந்தது.

பேச முடியாத மனிதர் நாடகக்காரர் ஆனது எனக்கு ஆச்சரியமே இல்லை. தன்னால் சொல்ல முடியாத சுருக்கான பதில்களை மேடையில் ஒவ்வொருத்தர் வாயிலும் வைத்துப் பார்க்கலாம். யாரும் திக்கமாட்டார்கள். நேர்காணல் முடிந்து பஸ்ஸில் வரும்போது எனக்கு வந்த பதில்களையெல்லாம் சேர்த்தால் நானும் ஒரு நாடகம் எழுதியிருப்பேன்.

ஒரு விஷயம் இடையில். நம் பம்மல் சம்பந்த முதலியார் பிறந்தது 1873, மறைந்தது 1964. மாம் 1874, 1965. ஒரு வருடத் தள்ளலில் இரண்டு நாடகக்காரர்கள் தொண்ணூறைத் தாண்டியிருக்கிறார்கள். ஒருவர் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டே சுகுண விலாச சபாவை நடத்தினார். இன்னொருவர் நாடகப் பணத்தில் பிரெஞ்சுக் கடற்கரையில் மாளிகை வாங்கினார். தமிழ் நாடகத்துக்கும் ஆங்கில நாடகத்துக்கும் இருந்த வித்தியாசத்தை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

முதல் உலகப்போரில் ஆம்புலன்ஸ் வேலை, பிறகு உளவு வேலை. 1917-ல் ரஷ்யாவுக்கே போனார். அந்த அனுபவம் 'ஆஷண்டன்' கதைகளானது. கல்யாணம் செய்துகொண்டார், அது உருப்படவில்லை. செயலாளராகவும் துணையாகவும் இருந்த ஜெரால்ட் ஹாக்ஸ்டனை இங்கிலாந்து உள்ளே விடாததால் இருவரும் பிரான்ஸில் குடியேறினார்கள். ஆண்களின் உறவு இங்கிலாந்தில் சட்டப்படி குற்றமாக இருந்த காலம். கடைசி நாட்களில் மனைவியைப் பற்றி அசிங்கமான ஒரு நினைவுக்குறிப்பை எழுதி, இருந்த நண்பர்களையும் இழந்தார். நல்ல மனிதர் என்று அவரை நிறுவுவது என் வேலை இல்லை.

விமர்சகர்கள் அவரை ஒருநாளும் முதல் வரிசையில் உட்கார வைக்கவில்லை. அமெரிக்காவின் எட்மண்ட் வில்சன் 1946-ல் பாதிக் குப்பை என்கிற ரீதியில் எழுதினார். சுஜாதாவைப் படித்து வளர்ந்த என்னைப் போன்ற இன்ஜினியர்களுக்கு இந்தச் சண்டை பழகியதுதான். அவரும் நாவலும் எழுதினார், பூர்ணம் விஸ்வநாதனுக்கு நாடகமும் எழுதினார், லட்சக்கணக்கில் படித்தார்கள், சீரியஸ் ஆட்கள் உதட்டைச் சுழித்தார்கள். மாமின் சிறுகதைகளில் சில என்றும் நிற்கும் என்று நினைக்கிறேன். 'தி வெர்ஜர்' கதையைப் பேரணாம்பட்டில் யாரிடம் சொன்னாலும் தலையாட்டுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாததால் சர்ச் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் புகையிலைக் கடை போட்டுப் பெரிய பணக்காரராகிறார். உங்களுக்கு எழுத்து தெரிந்திருந்தால் இன்னும் எங்கேயோ போயிருப்பீர்களே என்று பேங்க் மேனேஜர் வியக்கிறார். தெரிந்திருந்தால் இன்னும் சர்ச்சில்தான் இருந்திருப்பேன் என்கிறார் அவர். கையெழுத்து மட்டும் போடக் கற்றுக்கொண்டு டேனரி நடத்திய பெரியவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். கதையைச் சொன்னபோது என் மாமா கேட்டார்: "இத எழுதறதுக்கு வெள்ளக்காரன் வேணுமாடா?"

திருவண்ணாமலைக்குத் திரும்புகிறேன்.

ரமணரை மேற்குலகம் அறிந்தது பால் பிரன்டனின் 1934 புத்தகம் வழியாக. அதன் பிறகு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். சாட்விக் 1935-ல் வந்து அங்கேயே தங்கிவிட்டார். மாம் வந்தது ஒரு நாள் பார்வையாளராக. தங்கியது சில மணி நேரம். அந்தச் சில மணி நேரத்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் இரண்டு பதிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒரே சம்பவத்துக்கு இரண்டு சர்வர்களின் லாக் கிடைத்தால் முதலில் எங்கே முரண்படுகிறது என்று பார்ப்பது என் தொழில் பழக்கம்.

மாமின் கட்டுரை இருபது வருடம் கழித்து, 1958-ல் வந்த 'பாயிண்ட்ஸ் ஆஃப் வியூ' தொகுப்பில் இருக்கிறது. உடம்பு தேறியதும் ரமணர் இருந்த ஹாலுக்குள் போய் உட்கார்ந்ததாக எழுதுகிறார். சாட்விக் இதை நேரடியாக மறுக்கிறார். மாம் காலில் பெரிய பூட்ஸ் போட்டிருந்தார், பூட்ஸோடு ஹாலுக்குள் போக முடியாது, ஆகவே நான் அவரை மேற்குப் பக்க ஜன்னலுக்கு அழைத்துப்போனேன், வெளியே நின்றபடியே பார்த்து மனசில் குறித்துக்கொண்டார் என்கிறார். கூடவே, ரமணர் ஒருநாளும் சொல்லியிருக்க முடியாத தத்துவங்களை மாம் அவர் வாயில் வைத்துவிட்டார், பிரபல எழுத்தாளர்களின் வழக்கம் அது என்று ஒரு குத்தும் உண்டு.

நான் சாட்விக்கை நம்புகிறேன். பூட்ஸ் மாதிரி ஒரு விவரத்தை யாரும் கற்பனை செய்து எழுதமாட்டார்கள். ஷூ கம்பெனிகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான், உயரமான லேஸ் பூட்ஸைக் கழற்றுவது செருப்பை உதறுவது மாதிரி இல்லை. உட்கார வேண்டும், குனிய வேண்டும், ஒவ்வொரு கண்ணாக லேஸைத் தளர்த்த வேண்டும். இப்போதுதான் மயங்கி எழுந்த அறுபத்துநாலு வயதுக்காரர் குனிந்தால் மறுபடியும் தலை சுற்றும். கர்வமாக இருக்கலாம், பலவீனமாகவும் இருக்கலாம். ஆனால் எழுதும்போது மட்டும் உள்ளே போய்விட்டார். எழுதுகிறவனுக்கு ஜன்னலுக்கு வெளியே நிற்பது பிடிக்காது.

இன்னொன்றும் தோன்றுகிறது. ரமணர் புலித்தோல் விரித்த சோபாவில் இருக்கும் புகைப்படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோல் உள்ளே இருந்தது. பதனிட்டுத் தைத்த தோல்தான் வாசலோடு நின்றது. வெள்ளைக்காரருக்கு அதைக் கழற்றினால் போதும், உள்ளே போகலாம். என் தாத்தாவின் அப்பா தோல் மண்டியில் வேலை பார்த்தவர். அதே 1938-ல் அவர் திருவண்ணாமலைப் பெரிய கோயிலுக்குப் போயிருந்தால் எதைக் கழற்றியும் உள்ளே போயிருக்க முடியாது. மதுரையில் வைத்தியநாத ஐயர் ஆலயப் பிரவேசம் நடத்தியது அடுத்த வருடம், 1939-ல். மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது 1947-ல். மாமின் கட்டுரையில் இந்தியச் சாமியாரைப் பற்றிய தகவல் நிறைய உண்டு, திருச்சுழி, மதுரை, 1896-ல் வீட்டை விட்டு வந்தது எல்லாம். இந்த வாசல் கணக்கு மட்டும் அவர் கண்ணில் படவில்லை. ஒரு நாளில் படாதுதான்.

மயக்கம் விஷயத்தில் அவர் நடந்துகொண்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. செய்தி பரவியது. அவர் மயங்கவில்லை, மகரிஷியின் சந்நிதி பட்டுச் சமாதி நிலைக்குப் போனார் என்று ஆட்கள் பேசினார்கள். பயணத்தில் மற்ற ஊர்களில் அவரை அதிசயமாக வந்து பார்த்தார்களாம். எழுத்தாளருக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். அவரோ, எனக்கு இது முன்பும் வந்திருக்கிறது, நரம்புக் கோளாறு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், கண் விழித்தபோது எந்த அனுபூதியும் ஞாபகத்தில் இல்லை என்று எழுதிவைத்தார். ஜன்னலுக்கு வெளியே நின்றதை உள்ளே போனதாகச் சொன்ன அதே ஆள், இல்லாத அற்புதத்தை மட்டும் ஏற்கவில்லை. குளிரில் முழங்கால் போட்ட பையன் அந்த விஷயத்தில் பொய் சொல்ல விடவில்லைபோல.

அந்த அரை மணி நேரம்தான் என் பிரச்சினை. உலகத்தில் எங்கே போனாலும் பிரபலமானவரிடம் மக்கள் எதிர்பார்ப்பது பேச்சை. விருந்தில் பேச வேண்டும், கூட்டத்தில் பேச வேண்டும். மாம் எங்கே போனாலும் ஹாக்ஸ்டன்தான் பார்களில் ஆட்களோடு பேசிக் கதைகளைக் கொண்டுவருவார், இவர் கேட்டுக்கொள்வார். திருவண்ணாமலையில் எதிரே உட்கார்ந்தவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. திக்குகிறவன் பயப்படுவது மௌனத்துக்குத்தான். வார்த்தைக்கு முன்னால் விழும் அந்த இடைவெளியை எதிராளி எப்படி எடுத்துக்கொள்வான் என்ற பயம். அங்கே இடைவெளியே பேச்சு என்று சொல்லப்பட்டது. தட்சிணாமூர்த்தி பேசாமல் உபதேசித்தார் என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம், அதை யாரும் ஒரு திக்குவாய்ப் பையனுக்கு ஆறுதலாகச் சொன்னதில்லை. அப்படியும் மாம் கடைசியில் பேச வேண்டுமா என்று கேட்டுவிட்டார் பாருங்கள். அறுபது வருடப் பழக்கம் அரை மணியில் போகாது. இதையெல்லாம் அவர் எழுதவில்லை. திக்குவாய் என்ற சொல்லே அந்தச் சந்திப்பின் விவரிப்பில் வராது. ஆனால் அந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

1944-ல் 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' வெளிவந்தது. தலைப்பு கட உபநிஷத்திலிருந்து. சரியான மொழிபெயர்ப்புக்காகக் கிறிஸ்டோபர் இஷர்வுட்டைக் கேட்டிருக்கிறார். போரில் நண்பன் சாவதைப் பார்த்த லாரி என்ற அமெரிக்க இளைஞன், வேலையையும் நிச்சயித்த பெண்ணையும் விட்டுவிட்டு எதையோ தேடி இந்தியாவுக்கு வருகிறான். மதுரைக் கோயிலைப் பார்க்கிறான். பிறகு ஸ்ரீ கணேஷா என்ற குருவை அடைகிறான். மாம் அவருடைய ஆசிரமத்தைத் திருவாங்கூருக்கு மாற்றிவிட்டார். லாரி இந்தியாவைப் பற்றிச் சொல்லும் அத்தியாயத்தின் தொடக்கத்தில், வேண்டுமானால் இதைத் தாண்டிப் போய்விடலாம், கதைக்குக் குறை வராது என்று வாசகரிடம் அவரே சொல்கிறார். ஆனால் இந்த உரையாடல் இல்லாவிட்டால் புத்தகத்தையே எழுதியிருக்கமாட்டேன் என்றும் சொல்கிறார்.

நாவலாக அந்த அத்தியாயம் பலவீனம்தான். லாரி இரவு முழுக்கப் பேசுகிறான், மறுபிறவி, பிரம்மம் என்று பாடம் நடத்துகிறான். மற்ற அத்தியாயங்களில் பாரிஸ் சீமான்களையும் விருந்துகளையும் எழுதும்போது இருக்கும் துள்ளல் இங்கே இல்லை. அரை மணி மௌனத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பக்கம் பக்கமாகப் பேச்சால் நிரப்பிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். லாரி ஒரு இடத்தில்கூடத் திக்குவதில்லை.

ரமணர் 1950-ல் மறைந்தார். மாம் 1965 டிசம்பர் 16 அன்று, தொண்ணூற்றோரு வயதில், நீஸ் நகரில் இறந்தார். கல்லறை கிடையாது. கேன்டர்பரி கிங்ஸ் ஸ்கூலுக்குத் தன் புத்தகங்களைக் கொடுத்து, நூலகம் ஒன்றும் கட்டித் தந்திருந்தார். வகுப்பு சிரித்த அதே பள்ளிக்கூடத்தில், அந்த நூலகச் சுவரின் ஓரமாக அவருடைய சாம்பலைத் தூவினார்கள்.